மயக்க மருந்துத் துறைக்குப் போக எந்தப் படிப்பு? மலையிலிருந்து இறங்கும் பிள்ளைகளுக்கு ஓர் ஒப்பீடு

முதலிலேயே உடைத்துச் சொல்லிவிடுகிறேன். ஒரு நர்ஸ் தன் பொறுப்பில் நோயாளிக்கு மயக்க மருந்து கொடுக்க உரிமை தரும் படிப்பு இன்று இந்தியாவில் கிடையாது. இங்கே அது டாக்டர் வேலை. எம்.பி.பி.எஸ்.க்கு மேல் எம்.டி., டி.என்.பி., டி.ஏ. என்று மயக்கவியலில் ஏதாவது ஒன்றை முடித்த அனஸ்தெடிஸ்ட், அதாவது மயக்க டாக்டர், செய்வது. சிசேரியன் நடக்க வேண்டிய சிறிய ஊர்களில் மயக்க டாக்டர் கிடைக்காமல் அரசாங்கம் திண்டாடியபோதுகூட, எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்குச் சில மாதப் பயிற்சி கொடுத்து அனுப்பினார்களே தவிர, நர்சுகள் கையில் அதைக் கொடுக்கவில்லை. அது சரியா தவறா என்பது வேறு பேச்சு.

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு கோத்தகிரி மார்க்கெட்டிலும் குன்னூர் பஸ் ஸ்டாண்டிலும் ஒட்டப்படும் நோட்டீஸ்களைப் பார்த்தால் இது தெரியாது. 'அனஸ்தீசியா' (மயக்கம் கொடுப்பது) என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே நர்ஸ் படம், அதன் பக்கத்திலேயே விமானம், டாலர் குறி. அமெரிக்காவில் தானே மயக்கம் கொடுக்கும் நர்ஸ் அனஸ்தெடிஸ்ட் என்பது நூறு வருஷத்துக்கும் மேலான தொழில் என்பது உண்மைதான். மேயோ மருத்துவமனையில் வேலை பார்த்த ஆலிஸ் மெகா என்ற நர்ஸ், தாம் மயக்கம் கொடுத்த 14,000க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளைப் பற்றி 1906இலேயே கட்டுரை எழுதியிருக்கிறார். அந்தத் தொழிலின் சம்பளத்தைக் காட்டி இங்கே உள்ள அனஸ்தீசியா டெக்னீஷியன் படிப்பை விற்பதுதான் வம்பு. இரண்டும் வெவ்வேறு வேலை, வெவ்வேறு பதிவு, வெவ்வேறு வாசல்.

நான் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டராக இருந்தவள். என் அண்ணன் மகள் போன வருஷம் அந்த டெக்னீஷியன் படிப்பைக் காட்டிக் கேட்டது இது: "அத்தை, இதுவும் நாலு வருஷம், நர்சிங்கும் நாலு வருஷம். பேர்லயே அனஸ்தீசியா இருக்கறது நல்லதில்லையா?" நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரை அவளுக்குச் சொன்ன பதிலின் நீண்ட வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தியேட்டருக்குள் யார் என்ன செய்கிறார்கள்

படிப்பை ஒப்பிடுவதற்கு முன்னால் வேலையைப் பார்த்துவிட வேண்டும். மலையில் ஒரு சின்ன மருத்துவமனை, இரவு ஒரு மணி, ஓர் அவசர சிசேரியன் என்று வையுங்கள். மயக்க டாக்டர் வந்து சேர்வதற்குள் அனஸ்தீசியா டெக்னீஷியன் பாயில்ஸ் மெஷின் என்ற மயக்க இயந்திரத்தைச் சரிபார்த்து முடித்திருக்க வேண்டும். குழாய் ஆக்சிஜனின் அழுத்தம் எவ்வளவு, ரிசர்வ் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம், நோயாளிக்கு மூச்சு போகும் சர்க்யூட்டில் கசிவு உண்டா, கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா லைம் நிறம் மாறியிருக்கிறதா, சக்‌ஷன் இழுக்கிறதா, தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பின் பல்பு எரிகிறதா. மூச்சுக்குழாயில் போடும் 7 சைஸ் ட்யூபும் அதைவிடச் சின்னது ஒன்றும் பிரிக்காமல் பக்கத்தில். ஃபிரிட்ஜிலிருந்து ஸ்கோலின், ட்யூப் போடத் தசையைத் தளர்த்தும் மருந்து. பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு உடம்பின் கீழ்ப்பகுதியை மட்டும் மரக்கவைக்கும் ஸ்பைனல்தான் போடப்போகிறார்கள், ஆனால் அது சரியாக ஏறாவிட்டால் முழு மயக்கத்துக்கு மாற வேண்டும். அந்த நேரத்தில் பல்பு தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஸ்பைனல் போட்டுப் படுக்க வைத்த சில நிமிஷத்தில் பிரஷர் 120இலிருந்து 80க்கு இறங்குவது சாதாரணம். வலது இடுப்புக்குக் கீழே மடித்த துணியை வைத்து உடம்பை லேசாக இடப்பக்கம் சாய்த்திருப்போம். அப்படியும் இறங்கும். மானிட்டர் அடுத்த முறை கையை இறுக்கிப் பிரஷர் எடுப்பதற்குள் அந்தப் பெண்ணே சொல்லிவிடுவாள்: "குமட்டுது சிஸ்டர்." பிரஷரைத் தூக்கும் மெஃபென்டர்மின் சிரிஞ்ச், லேபிள் ஒட்டி, டாக்டர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டியது அந்த நொடிக்காகத்தான்.

இதில் மருந்தை எடுத்து வைத்தது டெக்னீஷியன். 'குமட்டுது' என்றதும் தலைமாட்டில் நின்று கையைப் பிடித்துக்கொண்டது நர்ஸ். எவ்வளவு போடுவது, எப்போது போடுவது, முழு மயக்கத்துக்கு மாறுவதா என்று முடிவெடுத்தது டாக்டர். அமெரிக்க நர்ஸ் அனஸ்தெடிஸ்ட் உட்காருவது இந்த மூன்றாவது ஆளின் நாற்காலியில். நம் ஊர்ப் படிப்புகள் எல்லாம் முதல் இரண்டு பேரைத்தான் உருவாக்குகின்றன. கேவலமான வேலையில்லை அது. ஒரு நல்ல டெக்னீஷியன் இல்லாத தியேட்டரில் எந்த அனஸ்தெடிஸ்டும் நிம்மதியாக மருந்து போடமாட்டார். ஆனால் எந்த இடத்தில் நிற்கப்போகிறோம் என்று தெரிந்துதான் சேர வேண்டும்.

ப்ளஸ் டூ முடித்தவர்களுக்கு: ஓ.டி. டெக்னாலஜியா, நர்சிங்கா?

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. ஆபரேஷன் தியேட்டர் அண்ட் அனஸ்தீசியா டெக்னாலஜி என்ற பட்டப்படிப்பு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடக்கிறது. 3 வருஷம் படிப்பு, 1 வருஷம் இன்டர்ன்ஷிப். பி.எஸ்சி. நர்சிங் 4 வருஷம். இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்த ப்ளஸ் டூ மார்க்கை வைத்து, கீழ்ப்பாக்கம் தேர்வுக்குழு நடத்தும் கவுன்சிலிங்கில்தான் இரண்டுக்கும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் நிரம்புகின்றன. ஆகவே பல பிள்ளைகளுக்கு இது சாய்ஸ் பட்டியலில் எதை முதலில் போடுவது என்ற கேள்வியாகவே வந்து நிற்கிறது. யாராவது சொன்னதைக் கேட்டு மாற்றிப் போட்டுவிட்டு நாலு வருஷம் அதைச் சுமக்கிறார்கள்.

ஓ.டி. டெக்னாலஜியின் பலம் ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய பலம்: சீக்கிரமே தியேட்டருக்குள் போய்விடுவீர்கள். வென்டிலேட்டர், மயக்க ஆவி தரும் வேப்பரைசர், மூச்சின் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃப் எல்லாம் கை பழகிவிடும். நர்சிங் மாணவி வார்டு, சமுதாய நலம், மனநலம், பிரசவம் என்று சுற்றிச் சுற்றிப் போய், தியேட்டரில் சில வாரம்தான் நிற்பாள். நாலு வருஷம் முடிந்த அன்று மெஷின் பக்கம் யாருக்குத் தைரியம் என்று கேட்டால் டெக்னாலஜி படித்தவருக்குத்தான். கோயம்புத்தூரில் நாள் முழுக்க தியேட்டர் ஓடும் தனியார் மருத்துவமனைகளில் அவர்களுக்கு வேலையும் உண்டு.

பலவீனம் பதிவேட்டில் இருக்கிறது. நர்சிங் முடித்தவள் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு செய்கிறாள். அந்தப் பதிவு எண்ணுக்கு உலகம் முழுக்க ஓர் அர்த்தம் இருக்கிறது. அதைக் காட்டித்தான் நர்ஸ் உரிமத்துக்கான அமெரிக்காவின் என்கிளெக்ஸ் பரீட்சை எழுதலாம், இங்கிலாந்தின் நர்சிங் கவுன்சிலுக்கு விண்ணப்பிக்கலாம், ஜெர்மனியில் அங்கீகாரம் கேட்கலாம். டெக்னாலஜி படித்தவர்களுக்கு 2021ஆம் ஆண்டின் தேசிய துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் வந்த பிறகுதான் நாடு தழுவிய ஒரு கூரை கிடைத்திருக்கிறது. மயக்கவியல், தியேட்டர் தொழில்நுட்பம் அந்தச் சட்டத்தின் அட்டவணையில் உண்டு. நல்ல விஷயம். ஆனால் அதைக் காட்டி எந்த நாட்டிலும் நர்ஸாக முடியாது. அமெரிக்க நர்ஸ் அனஸ்தீசியா படிப்புக்கு முதல் நிபந்தனையே நர்ஸாக இருப்பது. பெயரில் அனஸ்தீசியா உள்ள படிப்பு அந்த வாசலை மூடிவிடும். பெயரில் அது இல்லாத நர்சிங் திறந்து வைத்திருக்கும். அண்ணன் மகளுக்கு நான் சொன்னது இதைத்தான், அவளுக்கு நம்பக் கொஞ்ச நேரம் ஆனது.

அதற்காக எல்லாரையும் நர்சிங்குக்குத் தள்ளவும் மாட்டேன். வார்டில் பெட்பான் எடுக்க, இரவு டியூட்டியில் முப்பது நோயாளிகளுக்கு ஊசி போட மனசு ஒப்பாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் நர்சிங்கில் பாதியில் வாடிப்போவதைப் பார்த்திருக்கிறேன். மெஷின் என்றால் கண் விரியும் பையன்கள் இருக்கிறார்கள், அரசு நர்சிங் கல்லூரிகளில் பையன்களுக்கான இடமும் குறைவு. கோவையிலோ ஈரோட்டிலோ வேலை, அனுபவம் சேர்ந்ததும் ஒரு வேளை வளைகுடா என்ற அளவில் கனவு இருந்தால் ஓ.டி. டெக்னாலஜி நேர்வழி. வளைகுடா நாடுகளில் அனஸ்தீசியா டெக்னீஷியனுக்கென்றே உரிமம் உண்டு. சான்றிதழ் சரிபார்ப்பு, கம்ப்யூட்டர் பரீட்சை, வேலை அனுபவம் மூன்றும் கேட்பார்கள்.

அரசு மருத்துவக் கல்லூரிகளில் அனஸ்தீசியா டெக்னீஷியன் ஓராண்டுச் சான்றிதழ் படிப்பும் உண்டு. வீட்டு நிலைமை நாலு வருஷம் தாங்காது என்றால் அது ஒரு வழி. அரசு வேலைக்கு எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு அறிவிப்பில் என்ன தகுதி கேட்டார்கள் என்று பழைய அறிவிக்கையை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சில பதவிகளுக்குப் பட்டத்தைவிட அந்தச் சான்றிதழின் பெயர்தான் கணக்கு. அதே பெயரில் தனியார் நிறுவனங்கள் மாடிப்படியின் கீழே நடத்தும் டிப்ளமோக்களைப் பற்றி எழுதி நேரத்தை வீணாக்கவில்லை.

பணத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. பட்டப்படிப்பு என்றால் இரண்டு பக்கமும் கிடைக்கும், ஆகவே தேர்வில் இது வித்தியாசம் செய்யாது. வித்தியாசம் செய்வது ஹாஸ்டல் செலவும், ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் பாண்ட் என்ற ஒப்பந்தமும். பச்சைத் தேயிலை விலையை நம்பிக் கடன் வாங்கும் வீடுகளில் இந்த இரண்டையும் சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய் வார்த்தையாக 'பாண்ட் எல்லாம் இல்லம்மா' என்று சொல்லும் ஆபீஸ் அதிகாரி நாலு வருஷம் கழித்து அங்கே இருக்கமாட்டார்.

ஏற்கெனவே நர்ஸ் என்றால்

ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) அல்லது பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஒரு வருஷம் வேலை பார்த்தவர்களுக்கு இந்தியாவிலேயே மூன்று வழி.

ஓராண்டு போஸ்ட் பேசிக் டிப்ளமோ, ஆபரேஷன் ரூம் நர்சிங். தியேட்டரே என் வீடு என்பவர்களுக்கு இது போதும். ஸ்க்ரப், கிருமிநீக்கம், கருவிகள், மயக்க டாக்டருக்கு உதவி எல்லாம் வரும். தியேட்டர் இன்சார்ஜ் ஆவதற்கு உதவும். ஆனால் பாடத்தின் எடை அறுவை மேசைப் பக்கம், தலைமாட்டுப் பக்கம் குறைவு. அனஸ்தீசியா ஆசையில் இதில் சேர்ந்தால் ஏமாற்றமாக இருக்கும்.

ஓராண்டு போஸ்ட் பேசிக் டிப்ளமோ, கிரிட்டிகல் கேர் (தீவிர சிகிச்சை) நர்சிங். பெயரில் தியேட்டரும் இல்லை, மயக்கமும் இல்லை. ஆனால் மூச்சுக்குழாய், வென்டிலேட்டர், ரத்த அழுத்தத்தைத் தூக்கும் மருந்துகள், தமனிக்குள் போட்டுப் பிரஷர் பார்க்கும் ஆர்ட்டீரியல் லைன், இதெல்லாம்தானே அனஸ்தீசியாவின் அரிச்சுவடி? ஐ.சி.யூ.வில் ஒரு நோயாளியின் நாராட்ரினலின் என்ற பிரஷர் மருந்தின் அளவை மணிக்கு மணி ஏற்றி இறக்கிப் பழகியவளுக்கு, தியேட்டரில் பிரஷர் இறங்கும்போது கை நடுங்காது. அமெரிக்காவில் நர்ஸ் அனஸ்தீசியாவுக்கு ஆள் எடுக்கும்போது தியேட்டர் அனுபவத்தைக் கணக்கில் எடுக்காமல் ஐ.சி.யூ. அனுபவத்தைக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது, நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிகல் கேர். இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்த 2 ஆண்டு முதுகலைப் படிப்பு, ரெசிடென்சி முறை. 20 சதவீதம் வகுப்பு, 80 சதவீதம் நோயாளி பக்கத்தில். பி.எஸ்சி. நர்சிங்கும் குறைந்தது ஒரு வருஷ மருத்துவமனை அனுபவமும் வேண்டும். வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய இடங்களில் நடக்கிறது. நோயாளியைப் பரிசோதித்து, நிலையான நெறிமுறைப்படி முடிவெடுத்து, மருந்தை மாற்றும் பயிற்சி இதில்தான் கிடைக்கிறது. நம் நாட்டில் ஒரு நர்ஸுக்கு முடிவெடுக்கும் வேலை கற்றுத்தரும் படிப்புகளில் இது முன்வரிசை. குறை என்னவென்றால், படித்து முடித்து வந்தவர்களை அந்தப் பெயரில், அந்த அதிகாரத்தோடு வேலைக்கு வைக்கும் மருத்துவமனைகள் இன்னும் சொற்பம். பல இடங்களில் எம்.எஸ்சி. படித்த ஸ்டாஃப் நர்ஸ் என்றே நடத்துகிறார்கள். அப்படியும் மூன்றில் எது என்று என்னைக் கேட்டால், பி.எஸ்சி. கையில் இருந்தால் இதுதான். ஜி.என்.எம். என்றால் முதலில் 2 வருஷ போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. அது இல்லாமல் மேலே எந்த வாசலும் முழுசாகத் திறக்காது.

அமெரிக்கக் கனவைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்

நர்ஸ் அனஸ்தெடிஸ்டின் வருடச் சம்பளம் அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023 கணக்குப்படி நடுமதிப்பில் 2,12,650 டாலர். இந்த எண் எல்லாருக்கும் மனப்பாடம். அதற்குப் போகும் படிக்கட்டு யாருக்கும் மனப்பாடம் இல்லை.

படிக்கட்டு இது: பி.எஸ்சி. நர்சிங். என்கிளெக்ஸ். அமெரிக்க நர்ஸ் உரிமம். குறைந்தது ஒரு வருஷ ஐ.சி.யூ. வேலை, போட்டியில் ஜெயிக்கப் பெரும்பாலும் இரண்டு மூன்று வருஷம், அதுவும் அமெரிக்க மண்ணிலேயே வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் கேட்கும். பிறகு குறைந்தது 36 மாதம் முழுநேரப் படிப்பு. 2022 முதல் சேருகிறவர்கள் எல்லாரும் முனைவர் நிலைப் பட்டத்துக்குத்தான் சேர முடியும், முதுகலையோடு முடிகிற பழைய வழி போய்விட்டது. படிக்கும்போது வேலை பார்ப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். கட்டணம் பல இடங்களில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டும், மாணவர் விசாவில் போனவருக்கு அங்கத்திய அரசுக் கல்விக்கடன் கிடையாது. வெளிநாட்டு மாணவரை எடுப்பதே இல்லை என்று சொல்லும் பல்கலைக்கழகங்களும் உண்டு.

நர்ஸாகக் குடியேறி அங்கே படிக்கலாமே என்றால், இடறுவது அங்கேதான். நர்சுகள் பெரும்பாலும் போகும் இ.பி.3 என்ற கிரீன் கார்டு பிரிவில் இந்தியர்களின் வரிசை அவ்வளவு நீளம். 2025இல் நகர்ந்துகொண்டிருந்தவை 2012, 2013ஆம் ஆண்டுகளில் போட்ட விண்ணப்பங்கள். இன்று இருபத்திரண்டு வயதில் விண்ணப்பிக்கும் பெண் எப்போது விமானம் ஏறுவாள் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். ஏஜென்ட்டுகள் இந்தக் கூட்டலைப் போட்டுக் காட்டுவதில்லை.

அப்படியும் எப்படியோ அங்கே போய்ச் சேர்ந்து, கையில் உரிமமும் ஐ.சி.யூ. அனுபவமும் உள்ள நம் ஊர் நர்சுகள் இருக்கிறார்கள். கல்யாணம் ஆகிப் போனவர்கள், பழைய வரிசையில் இடம்பிடித்தவர்கள். அவர்கள் எந்தக் கல்லூரி என்று கேட்டால், பேரையும் ரேங்கையும் விட்டுவிட்டு இவற்றைப் பார்க்கச் சொல்வேன். தேசியச் சான்றிதழ் தேர்வில் முதல் முயற்சியில் எத்தனை சதவீதம் பேர் தேறுகிறார்கள், எத்தனை பேர் பாதியில் நிற்கிறார்கள் என்ற கணக்கை ஒவ்வொரு அங்கீகாரம் பெற்ற படிப்பும் வெளியிட்டாக வேண்டும். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். தேர்ச்சி நூறு சதவீதம், ஆனால் ஐந்தில் ஒருவர் பாதியில் வெளியே என்றால், தேறாதவர்களை முன்பே கழித்துவிடுகிறார்கள் என்று பொருள்.

அடுத்து கேஸ் எண்ணிக்கை. படிப்பு முடிப்பதற்குக் குறைந்தபட்சம் 600 கேஸ், 2,000 மணி நேரம் என்பது விதி. 600ஐத் தொட்டதும் நிறுத்தும் இடத்துக்கும், அதைத் தாராளமாகத் தாண்ட வைக்கும் இடத்துக்கும் வேலை கிடைத்த முதல் வருஷத்தில் வித்தியாசம் தெரியும். அந்த எண்ணுக்குள் எத்தனை ஸ்பைனல், எத்தனை நரம்பு பிளாக் (ஒரு பகுதி நரம்பை மட்டும் மரக்கவைப்பது), எத்தனை குழந்தைகள், இதய அறுவை உண்டா என்று பிரித்துக் கேளுங்கள். பயிற்சியில் இருக்கும் அனஸ்தீசியா ரெசிடென்ட் டாக்டர்கள் நிறைந்த பெரிய மருத்துவமனையில் கஷ்டமான கேஸெல்லாம் அவர்களுக்குப் போய்விடும் வாய்ப்பு உண்டு. சின்ன மருத்துவமனைகளுக்குச் சுழற்றி அனுப்பும் படிப்பில் கையில் அதிகம் விழும், ஆனால் மாதக்கணக்கில் வீட்டைவிட்டு ஓட வேண்டும். கைக்குழந்தை இருக்கிறவளுக்கு இது ரேங்கைவிடப் பெரிய விஷயம்.

பாட அமைப்பிலும் இரண்டு வகை. சிலர் வகுப்பையெல்லாம் முதல் வருஷத்திலேயே முடித்துவிட்டுப் பிறகு முழுக்கத் தியேட்டருக்கு அனுப்புவார்கள். சிலர் இரண்டையும் கலந்தே கொண்டுபோவார்கள். படித்து வெகு காலம் ஆனவர்களுக்கு, ஆங்கிலத்தில் வேதியியலை மறுபடி உட்கார்ந்து படிக்க நேரம் வேண்டியவர்களுக்கு முதல் வகை சௌகரியம். கையால் செய்தால்தான் மண்டையில் ஏறும் என்பவர்களுக்கு இரண்டாவது.

அமெரிக்கா தவிர

ஜெர்மனியை நம் பிள்ளைகள் போதிய அளவு கவனிப்பதில்லை. அனஸ்தீசியா தொழில்நுட்ப உதவியாளர் என்ற 3 வருஷத் தொழிற்பயிற்சிக்கு அங்கே 2022 ஜனவரி முதல் நாடு முழுக்க ஒரே சட்டம். பயிற்சிக் காலத்திலேயே மாதச் சம்பளம் உண்டு. ப்ளஸ் டூ முடித்தவர்களும் முயலலாம். ஏற்கெனவே நர்ஸ் என்றால் நர்ஸாக அங்கீகாரம் வாங்கிப் போய், அங்கே வேலை பார்த்துக்கொண்டே அனஸ்தீசியா மற்றும் தீவிர சிகிச்சையில் இரண்டு வருஷச் சிறப்புப் பயிற்சி எடுக்கலாம். தடை மொழி. நர்ஸ் அங்கீகாரத்துக்கு பி2 அளவு (இடைநிலைக்கு மேல்) ஜெர்மன் வேண்டும், அதை ஆறு மாதத்தில் விளையாட்டாக முடித்துவிடலாம் என்பவரை நம்பாதீர்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நர்சுகளுக்கு ஜெர்மன் கற்றுக்கொடுத்து அனுப்புகிறது. ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டும் முன் அங்கே ஒரு போன் போட்டுவிடுங்கள்.

இங்கிலாந்தில் நம் நர்ஸ் பதிவோடு போனால் அனஸ்தெடிக் நர்ஸாகத் தியேட்டரில் நிற்கலாம். வேலை நம் டெக்னீஷியன் வேலைதான், மதிப்பும் சம்பளமும் வேறு. மயக்க டாக்டருக்குக் கீழே தாமே மயக்கம் கொடுக்கும் அனஸ்தீசியா அசோசியேட் என்ற வேறொரு பதவியும் அங்கே உண்டு. 2024 டிசம்பரில்தான் அது மருத்துவக் கவுன்சிலின் ஒழுங்குமுறைக்குள் வந்தது, அதைச் சுற்றி டாக்டர்களுக்கும் அரசுக்கும் சண்டை இன்னும் ஓயவில்லை. அந்தப் புகை அடங்கும்வரை அதைக் குறிவைத்து வீட்டை அடமானம் வைக்கச் சொல்லமாட்டேன்.

மேலேயே படிப்பதா, கீழே இறங்குவதா

ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்டு, 2025 ஏப்ரலில் 700 படுக்கை மருத்துவமனையும் வந்த பிறகு, இந்தக் கேள்வியைப் பெற்றோர்கள் கேட்கிறார்கள். வீட்டிலிருந்தே போய்வரலாம் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. கூடலூர்க்காரர்களுக்கு ஊட்டியே தூரம், அவர்கள் வயநாட்டுப் பக்கம் பார்ப்பார்கள். கொடைக்கானல் பிள்ளைகள் மதுரைக்கோ தேனிக்கோ இறங்குவார்கள்.

என் கருத்து, அனஸ்தீசியா சம்பந்தப்பட்ட எதையும் கேஸ் குவியும் இடத்தில் படிக்க வேண்டும். மலையில் நமக்கு அதிகம் வருவது சிசேரியன், எலும்பு முறிவு, குடலிறக்கம், குடல்வால். தலைக்காயமும் இதயமும் இன்றும் 108இல் ஏறிப் பர்லியார் வளைவுகளில் இறங்கிக் கோயம்புத்தூர் போகின்றன. நெஞ்சைத் திறக்கும் அறுவைக்கு ஒரு பக்க நுரையீரலை மட்டும் ஊத வைப்பதை ஒரு முறையாவது கிட்டத்தில் பார்த்திருந்தால்தான் மெஷினின் முழு அர்த்தம் புரியும்.

ஆனால் கீழே கற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று மேலே உண்டு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசமாக இருக்கும் காற்றழுத்தம் இங்கே சுமார் 580. காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான், ஆனால் மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜனின் அழுத்தம் கால் பங்கு குறைந்துவிடுகிறது. மயக்க மருந்து போட்டு மூச்சு நின்ற நோயாளிக்கு, முன்கூட்டியே நூறு சதவீத ஆக்சிஜன் கொடுத்து நிரப்பாமல் விட்டால், மானிட்டரில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் எண் விழுவதற்குக் கோவையில் கிடைக்கும் அவகாசம் இங்கே கிடைக்காது. நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயுவை அதே சதவீதத்தில் கொடுத்தாலும் வேலை செய்வது குறைவு. குளிர் வேறு. ஸ்பைனல் போட்டவர் நடுங்குவது எங்கும் உண்டுதான், டிசம்பர் இரவில் சூடாக்காத சலைன் ஏற்றிப் பாருங்கள் தெரியும். ஐப்பசி மழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டால் ஆக்சிஜன் வண்டி வராது, ஆகவே ரிசர்வ் சிலிண்டர் எண்ணிக்கை இங்கே வெறும் ரெஜிஸ்டர் வேலை இல்லை.

அதனால் படிப்பு கீழே, இன்டர்ன்ஷிப்பிலோ வேலையின் முதல் வருஷத்திலோ ஒரு மலைப் போஸ்டிங். இதைத் தலைகீழாகச் செய்தவர்கள் கஷ்டப்பட்டதைத்தான் பார்த்திருக்கிறேன்.

கல்லூரியைப் பார்க்கப் போகிறவர்கள் கல்லூரிக் கட்டடத்தைப் பார்க்காமல் அதன் மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு நாளில் எத்தனை மேசை ஓடுகிறது, மாணவர்களின் பெயர் கேஸ் புத்தகத்தில் ஏறுகிறதா, அல்லது ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறார்களா? பிரின்சிபால் அறையில் இது தெரியாது. எதிரே உள்ள டீக்கடையில் கடைசி வருஷப் பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களிடம் கேளுங்கள்.

அண்ணன் மகள் நர்சிங்கை முதல் சாய்ஸாகப் போட்டாள். அவள் வகுப்புத் தோழன், கோத்தகிரிப் பக்கத்துப் பையன், மோட்டார் ரிப்பேரில் கை தேர்ந்தவன், ஓ.டி. டெக்னாலஜி கேட்டான், அவனுக்கு அதுவே சரி என்றேன். கூடலூரிலிருந்து ஒரு ஜி.என்.எம். பெண் விசாரித்திருந்தாள், மூன்று வருஷமாகப் பிரசவ வார்டு, வீட்டில் கடன், 'அக்கா, அமெரிக்கா போற அனஸ்தீசியா கோர்ஸ்னு ஒண்ணு சொல்றாங்க, ரெண்டரை லட்சமாம்' என்று. பணத்தைக் கட்டாதே, அடுத்த ஷிப்ட் மாற்றத்தில் ஐ.சி.யூ. கேட்டு வாங்கு, போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. அறிவிப்பு வந்ததும் விண்ணப்பம் போடு என்று பதில் அனுப்பினேன். ஐ.சி.யூ.வில் இடம் கிடைத்துவிட்டதாம்; வென்டிலேட்டர் அலாரம் சத்தத்தில் தூக்கம் போய்விட்டது என்று எழுதியிருக்கிறாள்.